நீளக் கண்ணாடியில் ஒரு பொட்டு

மூலக்குளத்தில் என் தையல் கடைக்கும் சந்திரகலாவின் கம்ப்யூட்டர் கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் யார் யாரைத் திட்டினாலும் இந்தப் பக்கம் என் காதில் விழும். நாலு வருஷமாக அதிகம் விழுந்த பெயர் அமுதவல்லி. அந்தக் கடையைக் கூட்டித் துடைக்கிறவள். திட்டுக்கு அவள் திருப்பிப் பேசி நான் கேட்டதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாளைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். யார் மேலும் எனக்குப் பகை கிடையாது. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால் மாதா கோபிக்கமாட்டாள்.

அமுதவல்லிக்கு நாற்பத்தாறு வயது. வில்லியனூருக்கு அப்பால் மல்லாட்டையும் கரும்பும் பயிர் வைத்த குடும்பத்தில் பிறந்தவள். என்னைப் போலவே அஞ்சாவதோடு படிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் நோணாங்குப்பம் படகுத்துறையில் படகு ஏற வருகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிடுகிறார். இவள் காலையில் எட்டரைக்குக் கடை திறப்பாள், கூட்டுவாள், ஈரத்துணி போடுவாள், பிறகு உலர்ந்த துணியால் மெஷின்களைத் துடைப்பாள். அந்த நேரத்தில்தான் அங்கே ஒரு வகுப்பு நடக்கும். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்களுக்கான வகுப்பு. வீட்டுப் பெண்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்று ஆறேழு பேர் வருவார்கள். சொல்லிக்கொடுப்பவன் கோபிநாத். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை, இருபத்தாறு வயசு, வாய் கொஞ்சம் நீளம்.

அவன் சொல்லிக்கொடுப்பது எனக்கே மனப்பாடம். "கீபோர்டு, மவுஸு, ஸ்கேனரு, மைக்கு, இதெல்லாம் இன்புட்டு. மானிட்டரு, பிரிண்டரு, ஸ்பீக்கரு, இதெல்லாம் அவுட்புட்டு. எழுதிக்கங்க." அவர்களும் எழுதிக்கொள்வார்கள். ஏன், எப்படி என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அவன் முகம் கடுக்கும்.

துணி பிடித்த கையோடு நின்று கவனித்தவள் அமுதவல்லி ஒருத்திதான். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு என் கடைக்கு வருவாள். அன்றைக்குக் கேட்டதை என்னிடம் சொல்லிப் பார்ப்பாள்.

"மேரிக்கா, நாம அதுகிட்ட சொல்றதுக்கு இருக்கறது இன்புட்டு. அது நம்மகிட்ட சொல்றதுக்கு இருக்கறது அவுட்புட்டு. அவ்ளோதான். இதுக்கு எதுக்கு அந்தத் தம்பி ரெண்டு பக்கம் எழுதச் சொல்லுது?"

ஒருநாள் கீபோர்டில் யாரோ டீயைக் கொட்டிவிட்டார்கள். கழற்றிக் கழுவும் வேலை இவளுக்கு வந்தது. உள்ளே பார்த்ததை வந்து சொன்னாள். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ரப்பரில் ஒரு மொட்டு இருக்கிறதாம். எழுத்தை அமுக்கினால் மொட்டு அமுங்கி, கீழே இருக்கிற மெல்லிசுத் தாள் இரண்டும் அந்த இடத்தில் தொட்டுக்கொள்ளுமாம். எந்த இடத்தில் தொட்டது என்பதை வைத்து இன்ன எழுத்து என்று பெட்டிக்குச் சேதி போகுமாம். "வெரலை எடுக்காம வச்சிருந்தா அதே எழுத்து ஓடிக்கினே இருக்கும். காலிங் பெல்லு மேல சாஞ்சு நிக்கற மாதிரி."

இன்னொரு நாள் மானிட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்ததைப் பற்றிச் சொன்னாள். "அந்தச் சொட்டு வழியா பாத்தேன்க்கா. வெள்ளைன்னு நாம நெனைக்கறது வெள்ளையே இல்ல. செகப்பு, பச்சை, நீலம், மூணும் புள்ளி புள்ளியா ஒக்காந்திருக்கு. மூணும் சேந்து எரிஞ்சா நம்ம கண்ணுக்கு வெள்ளை. மூணும் அணைஞ்சா கறுப்பு." நான் இருபது வருஷமாக நூல் கலர் பார்க்கிறவள். இதை நம்ப எனக்கு ஒரு வாரம் ஆனது.

பகை ஆரம்பித்தது மவுஸில். வகுப்புக்கு வந்த ஓர் அம்மா, திரையில் அம்பை வலது மூலைக்கு நகர்த்த வேண்டும் என்று மவுஸை இழுத்துக்கொண்டே போய் மேசை விளிம்புக்கு வந்துவிட்டார். அதற்கு மேல் மேசை இல்லை. அம்போ பாதி வழியில் நிற்கிறது. பரிதாபமாக மேலே பார்த்தார். கோபிநாத் சிரித்துவிட்டான். "அப்படியே இழுங்கம்மா, வில்லியனூர் போயிடலாம்."

அமுதவல்லிக்குப் பொறுக்கவில்லை. "தூக்கி நடு மேசையில வச்சு மறுபடி இழுங்கம்மா. அதுக்கு அடியில ஒரு கண்ணு இருக்கு. வெளக்கு போட்டு மேசையைப் பாத்துக்கினே போவும், மேசை மேல அது எவ்ளோ நகருதோ அவ்ளோ அம்பு நகரும். தூக்கினா அதுக்கு மேசை தெரியாது, அம்பு நின்ன எடத்துலயே நிக்கும்." அந்த அம்மா தூக்கி வைத்தார், இழுத்தார், அம்பு மூலைக்குப் போனது. வகுப்பே கைதட்டியது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

அன்றிலிருந்து கோபிநாத் அவளை விடவில்லை. தினம் ஒரு கேள்வி. "யக்கா, டிவி ரிமோட்டு இன்னா? இன்புட்டா, அவுட்புட்டா?" அவள் துணியைப் பிழிந்துகொண்டே, "நாம சொல்றதைத்தானே டிவிக்குக் கொண்டுபோவுது. இன்புட்டு" என்பாள். "செல்போனு கண்ணாடி?" என்று மடக்கப் பார்த்தான். "தொட்டா கேட்டுக்குது, படமும் காட்டுது. ரெண்டும்." அவன் முகம் போன போக்கை அவளே என்னிடம் நடித்துக் காட்டினாள். நான் சிரித்தேன். பாவம், சிரித்திருக்கக்கூடாது.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் துண்டுத் துணி கேட்டு வாங்கிப் போனாள். நீலம் கொஞ்சம், சிவப்பு கொஞ்சம். மேசைகளுக்குப் பின்னால் பின்னிக் கிடக்கும் ஒயர்களில், சேதி உள்ளே கொண்டுபோகிற ஒயருக்கு நீலம், வெளியே கொண்டுவருகிற ஒயருக்குச் சிவப்பு என்று முடிந்து வைத்தாள். துடைக்கும்போது எதாவது கழன்றால் எது என்று தெரிய வேண்டுமாம். கரண்ட் ஒயருக்கு எதுவும் கட்டவில்லை. "அது சோறு. பேச்சு இல்ல" என்றாள். ஆடி மாதம் வாங்கின பெரிய ஜெராக்ஸ் மெஷினின் ஒயருக்கு மட்டும் இரண்டு கலரும் கட்டினாள். "அது ஒண்ணு மாதிரி தெரியுதுக்கா. ஆனா மேல பாக்கற மெஷின் ஒண்ணு, கீழ எழுதற மெஷின் ஒண்ணு. ஒரே பொட்டியில ரெண்டு பேர் குடித்தனம்."

கோபிநாத் ஒருநாள் மேசைக்கு அடியில் குனிந்தான். "இன்னாக்கா இது, வேண்டுதலா? புள்ளை வேணும்னு மரத்துல கட்டற மாதிரி கட்டி வச்சிருக்க?" என்று சொல்லி, கத்திரிக்கோலை எடுத்து எல்லாவற்றையும் நறுக்கிப் போட்டான். குப்பையைக் கூட்டியவள் அவள்தான்.

சந்திரகலா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் அமுதவல்லியைப் பிடிக்காது. ஆனால் கடைக்கு ஆள் தேவை. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களால் கோபிநாத்தின் வேலை கெடுகிறது. "விஜயதசமி கழிச்சு ஜெராக்ஸ் மெஷின்கிட்ட நீ ஒக்காந்து பாரு. தப்பு நடந்துச்சோ, தொடப்பமும் கெடையாது உனக்கு" என்று சொல்லியிருந்தாள். அமுதவல்லிக்கு அது போதும். அந்த நாற்காலிக்காக மாரியம்மனுக்கு மாவிளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டாள்.

ஆயுத பூஜை வந்தது. கடை முழுக்கக் கழுவிவிட்டவள் அமுதவல்லி. அப்புறம் வாசலில் கோலம் போடப் போய்விட்டாள். மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது எப்போதும் சந்திரகலாதான். அந்தக் கிண்ணத்தை அவள் வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டாள். மானிட்டருக்கு, கீபோர்டுக்கு, நாற்காலிக்குக்கூட வைத்தாள். பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் எனக்கும் வந்தது. "பொட்டு தானா உதிரற வரைக்கும் ஒரு மெஷினு மேலயும் துணி படக்கூடாது" என்று அமுதவல்லிக்கு உத்தரவு. விஜயதசமி அன்று கடை திறந்து விளக்கேற்றி மூடிவிட்டார்கள். மறுநாள்தான் வேலை.

அந்த மறுநாள் காலையில் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து வந்த ஒவ்வொரு தாளிலும், உச்சியிலிருந்து அடி வரைக்கும், கறுப்பாக ஒரு கோடு.

கடையில் எட்டுப் பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் லூர்துநாதன். டவுனில் இருப்பவர், வெள்ளை முழுக்கைச் சட்டை, கையில் தோல் பை. அவர் மகள் பிரான்சில் இருக்கிறாள். அவளுக்கு அனுப்ப, பிறப்பு இறப்பு பதிகிற எத்தா சிவில் ஆபீசிலிருந்து புதிதாக எடுத்த பிறப்பு, கல்யாணச் சான்றுகள் பை நிறைய. கோடு சரியாக ஒவ்வொரு சீல் மேலேயும் விழுந்திருந்தது.

"ஏம்ப்பா, இது சான்றிதழா, ஜெயில் கம்பியா? சீலு மேல கோடு இருந்தா அங்க தூக்கிப் போட்டுடுவான். பன்னெண்டு மணிக்கு கூரியர் போவணும் எனக்கு."

"டோனர் பிரச்சினை சார். ரெண்டு நிமிஷம்."

ரெண்டு நிமிஷம் ஒரு மணி நேரமானது. கோபிநாத் மைத்தூள் டப்பாவைக் கழற்றிக் குலுக்கினான். கோடு. புது டப்பா போட்டான். கோடு. தாளை மாற்றினான். மூடியைத் திறந்து பெரிய கண்ணாடியை அழுத்தித் துடைத்தான். கோடு. சர்வீஸ் ஆளுக்குப் போன் போட்டால், நாளைக்கு மறுநாள் வருகிறேன் என்றார். வரிசையில் ஒருவர் செருப்பை உதறிக்கொண்டு போனார். "போர்டுல மட்டும் கலர் கலரா எழுதி வச்சிருக்காங்க" என்று போகிற போக்கில் சொன்னார்.

சந்திரகலாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. திரும்பினாள். எங்கே திரும்புவாள்? மூலையில் துடைப்பத்தோடு நின்றவள் பக்கம்தான்.

"பூஜைக்குக் கடையைக் கழுவினது யாரு?"

"நான்தான் மேடம்."

"பக்கெட்டு பக்கெட்டா ஊத்தினியே, மெஷினுக்குள்ள தண்ணி போயிருக்கு. புது மெஷினுடி அது!"

"மெஷின் மேல பிளாஸ்டிக் போத்திட்டுத்தான் கழுவினேன் மேடம்."

"எதுத்துப் பேசாதே! உன்னைத் தொட விட்டதே தப்பு. பெரிய டீச்சரு இவ, ஒயருக்கெல்லாம் ரிப்பன் கட்றா. கேட்டுக்கோ, சாயங்காலத்துக்குள்ள இது சரியாவல, நாளையிலேர்ந்து இந்தப் படி ஏறாதே."

கோபிநாத் மைத்தூள் பட்ட கையைத் துடைத்துக்கொண்டே, "தண்ணிதான் மேடம், வேற இன்னா" என்றான். பாவமறியாதவள் மேல் பழியைத் தள்ளிவிட்ட நிம்மதி அவன் குரலில் இருந்தது.

நான் கையில் இருந்த ரவிக்கையைப் போட்டுவிட்டு அந்தக் கடை வாசலுக்கு வந்துவிட்டேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. மனசுக்குள் ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னேன். அமுதவல்லி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல நீங்க டைப் பண்ணி வச்சது எதாவது ஒண்ணு அதுல பிரிண்டு போடுங்க."

"எதுக்கு? மை வேஸ்ட் பண்ணவா? நீ போய் வாசல் கூட்டு."

லூர்துநாதன் பொறுமை இழந்திருந்தார். அவருக்கு அமுதவல்லி மேல் கருணை ஒன்றும் இல்லை, கோபிநாத் மேல் எரிச்சல்தான் இருந்தது. பிரெஞ்சுக்கார மரியாதையைக் குத்தலாகப் போட்டார். "மிசியே, நீங்க ஒரு மணி நேரமா மை வேஸ்ட் பண்ணீங்களே, அதைவிடவா? அந்தம்மா சொல்றதைத்தான் செஞ்சு பாரேன். தொடப்பம் புடிக்கறவங்க சொன்னா உன் சர்டிபிகேட்டு அழிஞ்சுடுமா?"

வரிசையில் சிரித்தார்கள். கோபிநாத் பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ தட்டினான். தாள் வெளியே வந்தது. பளிச்சென்று இருந்தது. கோடு இல்லை.

"அப்ப கீழ எழுதற மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அமுதவல்லி. "அவுட்புட்டு மேல குத்தம் இல்ல. மேல பாக்கற மெஷின்லதான் இருக்கு. ஜெராக்ஸுன்னா மேல பாத்ததைக் கீழ எழுதறதுதானே. மேல கோடா பாத்தா கீழயும் கோடாத்தான் எழுதும்."

"கண்ணாடியைத்தான் தொடைச்சேனே! கண்ணு தெரியலயா உனக்கு?"

"தொடைச்சீங்க. ஆனா தாளை அதுல வைக்கலையே. மேல இருக்கற தட்டுல கட்டா போட்டு ஓட விட்டீங்க. அய்யா தாளு ஒண்ணைக் கண்ணாடி மேல கவுத்து வச்சு எடுங்க."

கோபிநாத் அசையவில்லை. லூர்துநாதனே ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினார். அமுதவல்லி மூடியைத் திறந்து அதைக் கவிழ்த்து வைத்து, மூடி, பொத்தானை அமுக்கினாள். உள்ளே வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்தது. தாள் வந்தது. சீல் சுத்தமாக இருந்தது.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சந்திரகலா மட்டும், "தானா சரியாயிருக்கும்" என்றாள்.

"சரியாவல மேடம்" என்றாள் அமுதவல்லி. அவள் குரல் அப்போது உயரவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. "தாளைக் கண்ணாடியில வச்சா, தாளு சும்மா கெடக்கும், அடியில கண்ணு நடந்து போய்ப் பாக்கும். வெளிச்சம் அடிச்சு, வெள்ளை எடம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், எழுத்து இருக்கற எடம் முழுங்கிடும், அதை வச்சுத்தான் படம் எடுக்குது. மேல் தட்டுல போட்டா, கண்ணு ஒரே எடத்துல நிக்கும், தாளுதான் அதைத் தாண்டி ஓடும். அந்தக் கண்ணு நிக்கற எடத்துக்கு வேற கண்ணாடி. இதோ, ஓரத்துல பட்டையா, நீளமா, வெரல் அகலத்துல இருக்கே, இது. இதுல ஒரு தூசி இருந்தாலும், தாளு ஓட ஓட அந்த ஒரே எடத்துல கறுப்பா பாத்துக்கினே இருக்கும். புள்ளி கோடாயிடும்."

எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. என் தையல் மெஷினில் ஊசி நின்ற இடத்தில்தான் குத்துகிறது, துணிதான் ஓடுகிறது. அதனால்தான் தையல் நீளமாக விழுகிறது.

அவள் குனிந்து அந்தப் பட்டைக் கண்ணாடியைப் பார்த்தாள். பெரிய கண்ணாடிக்கும் இடது விளிம்புக்கும் நடுவே, பார்க்கிறவர்களுக்கு அது மெஷினின் சட்டம் போலத்தான் இருக்கும். நகத்தால் மெதுவாகச் சுரண்டினாள். விரலை நிமிர்த்திக் காட்டினாள். மஞ்சளாகக் காய்ந்த சந்தனம். நடுவில் சிவப்பு.

கடையில் இருந்த அத்தனை பேரும் அந்த விரலைப் பார்த்தார்கள். பிறகு சந்திரகலாவைப் பார்த்தார்கள்.

லூர்துநாதன் சும்மா இருப்பாரா? "மெஷினுக்கு நெத்தி எங்க இருக்குன்னு தெரியாம கண்ணுலயே பொட்டு வச்சிருக்கீங்களேம்மா."

சந்திரகலாவின் முகம் சிவந்தது. "உள்ளதான் தொழில் நடக்குது, உள்ள ஒரு பொட்டு வைக்கலாம்னு வச்சேன். சாமி காரியம் அது. அப்போ நான்தான் மெஷினைக் கெடுத்தேன்னு சொல்றியா நீ? பத்து பேர் முன்னாடி?"

அங்கேதான் அமுதவல்லி திருப்பிப் பேசினாள்.

"நீங்களும் பத்து பேர் முன்னாடிதான் மேடம் சொன்னீங்க, நான் கெடுத்தேன்னு. நான் கெடுக்கல. பொட்டு வச்சவங்களும் கெடுக்கணும்னு வைக்கல. ஆனா பூஜைக்கப்புறம் துணி படக்கூடாதுன்னு சொன்னீங்களே, படவிட்டிருந்தா காலையில எட்டரைக்கே இது தெரிஞ்சிருக்கும்."

"வாய் நீளுது உனக்கு."

"நாலு வருஷமா சின்னதாத்தான் இருந்துச்சு மேடம்."

நான் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். அமுதவல்லி துணியை லேசாக நனைத்துப் பிழிந்து, அந்தப் பட்டையைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்தாள். லூர்துநாதனின் தாள்கள் மொத்தத்தையும் மேல் தட்டில் போட்டாள். ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வந்தன, ஒரு கோடும் இல்லாமல். அவர் எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டார். அவளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. "இத்தை ஒம்போது மணிக்கே செஞ்சிருக்கலாமே" என்று கோபிநாத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்திரகலாவின் மேசை முன்னால் போய் நின்றாள். நான் கடையை மூடுவது போல வெளியே நின்றேன்.

"மேடம், நாளைக்கு வரணுமா, வேணாமா? சாயங்காலத்துக்குள்ள சரியாவணும்னு சொன்னீங்க. சரியாயிடுச்சு."

சந்திரகலா செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"வராம? கூட்றது யாரு, உங்கப்பனா?"

அமுதவல்லி நகரவில்லை. இன்னும் கேட்க வேண்டியது அவளுக்கு ஒன்று இருந்தது. அது என்ன என்று சந்திரகலாவுக்கும் தெரியும்.

"கூட்டிட்டு, கைய கழுவிட்டு, அந்த ஜெராக்ஸ்கிட்ட ஒக்காரு. வர்றவங்ககிட்ட பேச்சு கொடுக்காதே. போ."

கோபிநாத் அதைக் கேட்டதும் தன் நாற்காலியை இழுத்து எதிர்ச் சுவரோரம் போட்டுக்கொண்டான். அவளோடு பேசுவதை அன்றோடு விட்டுவிட்டான். தாள் தீர்ந்துபோனால்கூடச் சந்திரகலாவிடம் சொல்லி அவளுக்குச் சொல்லச் செய்வான். ஒரு வாரம் கழித்து மெஷினின் மூடியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கோபிநாத் கம்ப்யூட்டரில் அடித்தது, பெரிய எழுத்தில்: பயிற்சி இல்லாதவர்கள் இந்த மெஷினைத் தொடக்கூடாது.

எனக்கு வருத்தமாக இருந்தது. அதைக் கிழித்துப் போடச் சொன்னேன்.

"எதுக்குக்கா கிழிக்கணும்? சரியாத்தானே எழுதியிருக்கு" என்றாள் அமுதவல்லி. மூடியைத் திறந்து, விரல் அகலப் பட்டைக் கண்ணாடியை முதலில் துடைத்தாள். பிறகு பெரிய கண்ணாடி. மூடியை மூடினாள். அறிவிப்பு ஒரு மூலையில் பிய்ந்து தொங்கியது. அதை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, அதன் மேல் இருந்த தூசியையும் துடைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.